பொட்டு வைத்த சர்வர்

நெருப்பெரிச்சல் ஊரில் இருந்த அந்த எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் மெக்கானிக் வெள்ளியங்கிரி வைத்ததுதான் சட்டம். ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள், கட்டிங் மெஷின், பாய்லர், தண்ணீர் மோட்டார், எடைத் தராசு என்று ஒன்றையும் விடாமல் காற்றடித்துத் துடைப்பார். சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைப்பார். 2005ஆம் வருஷப் பூஜையில் டீ கேனுக்குக்கூடப் பொட்டு விழுந்தது. கடைசியாகக் கம்ப்யூட்டர் ரூம் வாசலுக்கு வந்து, உள்ளே இருந்த சர்வரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது மெஷினா அம்மிணி? டிவியாட்ட இருக்குது" என்றார். கிண்ணத்தோடு திரும்பிப் போய்விட்டார்.

சித்ரகலாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்த அறைக்கு வருவதற்கு முன் ஐந்து வருஷம் அவள் செக்கிங் டேபிளில் நின்றவள். பிசிறு வெட்டுவது, ஓட்டை பார்ப்பது, தப்பாகத் தைத்ததைப் பிளேடால் பிரிப்பது. காலை எட்டரைக்கு நின்றால் இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு ஓடுகிற துணியின் நிறத்தில் பஞ்சு வரும். பன்னிரண்டாவது படித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டேனியல் சார் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், மனப்பாடம் செய்து, ஒரு சர்டிபிகேட் வாங்கி வைத்திருந்தாள். கம்பெனியில் சர்வர் வந்தபோது அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிய முதலாளி அர்த்தநாரி, அந்த சர்டிபிகேட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு கண்டிஷனும் போட்டார்.

"இத பாரு அம்மிணி. இது நின்னு ஒரு லோடு தவறுச்சுன்னா, பழையபடி ரிஜிஸ்டர்தான். நீயும் பழையபடி செக்கிங் டேபிள்தான். ஆமா, சொல்லிப்போட்டேன்."

அன்று முதல் பதினான்கு மாதம் அந்த சர்வர் நிற்கவில்லை. அதை மாட்டிக் கொடுத்த இன்ஜினியர் பிரபாகர், திரையில் கட்டளை தட்டுகிற கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து மளமளவென்று என்னவோ தட்டி ஓடவிட்டுவிட்டு, "இதை நிறுத்தாம இருந்தாப் போதுங்க, தானா ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் ஒரு வெள்ளை அட்டையில் 'நிறுத்தாதீர்கள்' என்று எழுதி அதன் நெற்றியில் ஒட்டினாள். அந்தக் கறுப்பு ஜன்னலை அவள் தொட்டதே இல்லை. ஏதாவது தட்டிப் பழக வேண்டும் என்றால் பக்கத்தில் வேறு ஜன்னல் திறந்துகொள்வாள். எந்தப் பெட்டியில் எந்த சைஸ், எந்தக் கலர், எத்தனை பீஸ் என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. கட்டிங்கிலும் பேக்கிங்கிலும் இருந்த கம்ப்யூட்டர்கள் அதைக் கேட்டுத்தான் வேலை செய்தன. பெட்டி மேல் ஒட்டுகிற பார்கோடு சீட்டும் அதிலிருந்துதான் அச்சாகி வரும். அந்தச் சீட்டு இல்லாத பெட்டியை வெளிநாட்டுக்காரன் தொடவே மாட்டான்.

2006ஆம் வருஷம் பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்ததால், கம்பெனியில் சனிக்கிழமையே கும்பிடுவது என்று முடிவானது. இந்த வருஷம் சித்ரகலா விடுவதாக இல்லை. சனிக்கிழமை காலையிலேயே வெள்ளியங்கிரியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, டீ கேனுக்கு வெக்கறீங்க. என் மெஷினுக்கு மட்டும் ஏனுங் வெக்கமாட்டேங்கறீங்க?"

"வெக்கறனே. எனக்கென்ன, ஒரு துளி சந்தனம். ஆனா நிறுத்திப்போடோணும்."

"நிறுத்தோணுமுங்களா?"

"ஓடற மெஷினுக்கு எவனாச்சும் பொட்டு வெப்பானா? அதுக்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா? நிறுத்தினா மெஷின். நிறுத்த முடியாதுன்னா டிவிதான்."

பதினான்கு மாதமாகக் கட்டிக் காத்த அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு, மெனுவில் தேடி, முறைப்படி அதை அணைத்தாள். விசிறி ஓய்ந்தபோது அறையே காது அடைத்தது போல இருந்தது. வெள்ளியங்கிரி மூடியைக் கழற்றி, கம்ப்ரசர் காற்றை உள்ளே பிடித்து அடித்தார். ஒரு முயல்குட்டி அளவுக்குப் பஞ்சு வெளியே வந்து விழுந்தது.

"அடேயப்பா. இதைத் தின்னுட்டா இத்தனை நாள் ஓடுச்சு?"

மூடியை மாட்டி, துடைத்து, 'நிறுத்தாதீர்கள்' அட்டைக்கு மேலேயே சந்தனம் வைத்து குங்குமம் வைத்தார். தேங்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். செக்கிங் டேபிளில் அவளோடு நின்ற அனிதா வந்து எட்டிப் பார்த்து, "பரவால்லைடி, உன் டிவியும் பெரிய மனுசி ஆயிருச்சு" என்றாள். சித்ரகலா அன்றைக்கு இரண்டு பாக்கெட் பொரி கூடுதலாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

விஜயதசமி லீவும் முடிந்து, செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குக் கம்பெனி திறந்தது. அன்று மதியம் பன்னிரண்டரைக்கு நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளோடு லாரி தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு பெட்டிக்கும் சீட்டு அச்சடித்திருக்கவில்லை. ஓடுகிற சர்வர்தானே, காலையில் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

சர்வர் எழுந்தது. விசிறி சுற்றியது, திரை வந்தது. சித்ரகலா கறுப்பு ஜன்னலைத் திறந்து, பிரபாகர் நோட்டில் எழுதிக் கொடுத்திருந்த ஒரே ஒரு கட்டளையைத் தட்டினாள். சாஃப்ட்வேரைக் கிளப்புகிற கட்டளை அது. பதிலுக்கு இரண்டு வரி இங்கிலீஷ் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். JAVA_HOME என்று ஏதோ ஒன்று சொல்லப்படவில்லையாம். அது இல்லாமல் ஓட முடியாதாம்.

இன்னொரு முறை தட்டினாள். அதே இரண்டு வரி.

பேக்கிங்கிலிருந்து சாமியப்பன் வந்தார். பேக்கிங் இன்சார்ஜ். பதினெட்டு வருஷம் ரிஜிஸ்டர் எழுதியவர். சர்வர் வந்த நாளிலிருந்து, எழுதாத புது ரிஜிஸ்டர் ஒன்றை மேஜையில் வைத்து தினமும் தூசி தட்டிக்கொண்டிருப்பவர். இப்போது அது அவர் கக்கத்தில் இருந்தது.

"என்னம்மிணி, எங்க கம்ப்யூட்டர்ல பக்கமே வரமாட்டேங்குது?"

"சித்தெ இருங்கண்ணா. பாத்துட்டிருக்கறேன்."

"பாரு, பாரு. என்ற நோட்டு பாரு, லீவு முடிஞ்சு வந்து தொறந்தா தொறந்துக்குது."

விஷயம் வெள்ளியங்கிரிக்குப் போய், அவர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அம்மிணி, நான் காத்தடிச்சதுல எதாச்சும் போயிருச்சா?"

"அதெல்லாம் இருக்காதுங்கண்ணா. மெஷின் ஓடுது. அதுக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர்தான் கிளம்பமாட்டேங்குது."

"இல்ல, அந்தப் பஞ்சோட பஞ்சா வேண்டியது எதாச்சும் பறந்து வந்துருந்துச்சுன்னா?" என்றவர் பதிலுக்கு நிற்கவில்லை. கம்பெனிக்குப் பின்னால் போய், வேஸ்ட் மூட்டையை அவிழ்த்து, சனிக்கிழமைப் பஞ்சைத் தேடத் தொடங்கினார்.

சித்ரகலா பிரபாகருக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு அம்மாளின் குரல். வெள்ளகோவிலிலிருந்து பேசினார்.

"பிரபாகருங்களா? அவன் குலசாமி கோயலுக்குப் போயிருக்கறானுங்க. பொழுது சாஞ்சுதான் வருவான்."

"போன் ஊட்லயே வெச்சுட்டுப் போயிட்டாருங்களா?"

"பூஜையில வெச்சதுங். நேத்தே எடுத்திருக்கோணும். ரெண்டு நாளாச்சும் வாயை மூடிட்டுக் கெடக்கட்டும்னு நாந்தான் எடுக்கவுடலை. நீங்க கூப்புட்டு அது கத்தவும் பொறுக்கமாட்டாம எடுத்துப்போட்டேன். பொட்டெல்லாம் அழிஞ்சு காதெல்லாம் சந்தனமுங்க."

நன்றி சொல்லி வைத்துவிட்டாள். மணி ஒன்பதே கால். மூன்றேகால் மணி நேரம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செக்கிங் டேபிள் தெரிந்தது. அவள் நின்ற இடத்தில் இப்போது யாரும் இல்லை. ஆள் பற்றாமல் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

பிரபாகர் முதல் நாள் என்ன தட்டினார் என்று யோசித்தாள். கிளப்புகிற கட்டளைக்கு முன்னால் மூன்று வரி தட்டினார், அது ஞாபகம் இருந்தது. என்ன வரி என்று ஞாபகம் இல்லை. அதைவிட இன்னொன்று நன்றாக ஞாபகம் வந்தது. அவர் எதையும் இரண்டாம் முறை தட்டமாட்டார். மேல்நோக்கிய அம்புக்குறிப் பட்டனை அழுத்துவார், முன்பு தட்டியது தானாக வந்து நிற்கும்.

பிழை வந்த ஜன்னலை மூட மனம் வரவில்லை. அந்த இங்கிலீஷ் வரி போய்விட்டால் அப்புறம் எதைப் பார்ப்பது? அதை அப்படியே விட்டு, பக்கத்தில் இரண்டாவது ஜன்னலைத் திறந்து அம்புக்குறியை அழுத்தினாள். பதினான்கு மாதமாக அவள் பழகித் தட்டியதெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வந்தது. தேதி கேட்டது. காலண்டர் கேட்டது. மறுபடி தேதி கேட்டது.

சாமியப்பன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை வாட்டி தேதி கேப்ப? சுவத்துல காலண்டர் தொங்குதே அம்மிணி."

"பழகறதுக்குக் கேட்டதுங்கண்ணா."

நூறு அழுத்து அழுத்தியிருப்பாள். விரல் நுனி வலித்தது. கடைசியில் அந்த மூன்று வரியும் வந்தன. மூன்றும் export என்ற சொல்லில் ஆரம்பித்தன.

"இதுலயுமா எக்ஸ்போர்ட்டு?" என்றார் சாமியப்பன். "அப்ப இது நம்மூரு மெஷின்தான்."

முதல் வரி JAVA_HOME என்ற பெயருக்கு ஒரு இடத்தைச் சொன்னது. இன்ன ஃபோல்டரில் ஜாவா இருக்கிறது என்று. இரண்டாவது, சாஃப்ட்வேர் இருக்கிற இடம். மூன்றாவது, கம்பெனிக் கணக்கு மொத்தமும் இருக்கிற இடம். அவ்வளவுதான். மூன்று பொருளுக்கு மூன்று விலாசம். ஒவ்வொன்றாக நிறுத்தி என்டர் தட்டினாள். ஒன்றும் கத்தவில்லை. சந்தோஷமாக முதல் ஜன்னலுக்குப் போய்க் கிளப்புகிற கட்டளையைத் தட்டினாள்.

அதே இரண்டு வரி. JAVA_HOME சொல்லப்படவில்லை.

"சொன்னனே! இப்பத்தானே சொன்னேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தியேவிட்டாள்.

"சொன்னது காதுல உழுகலையாட்ட இருக்குது" என்ற சாமியப்பன், ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டார். சுழியை ரசித்துப் போட்டார்.

சித்ரகலா இரண்டாவது ஜன்னலில் JAVA_HOME எங்கே என்று கேட்டுப் பார்த்தாள். ஃபோல்டரின் பெயர் அச்சுப் பிசகாமல் வந்தது. முதல் ஜன்னலில் கேட்டாள். வெறும் வரி வந்தது. ஒன்றுக்குத் தெரிகிறது, பக்கத்திலேயே இருக்கிற இன்னொன்றுக்குத் தெரியவில்லை.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். இந்தக் கூத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஒரு நாள் காலை சூப்பர்வைசர் தையல் பகுதியின் முதல் டேபிளுக்கு வந்து, "இன்னைக்கு நேவி ப்ளூ நூல் மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு டீக்குப் போய்விட்டார். முதல் டேபிள் மாற்றிக்கொண்டது. பத்தடி தள்ளி இருந்த இரண்டாவது டேபிளுக்கு யாரும் சொல்லவில்லை. ஷிப்ட் மாறி வந்த ஆட்களுக்கும் யாரும் சொல்லவில்லை. எழுநூறு பீஸ் கறுப்பு நூலில் தைத்து வந்தது. அத்தனையையும் பிளேடால் பிரித்தது செக்கிங் டேபிள். கட்டைவிரல் தோல் உரிந்து, சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் தின்றாள். அதற்குப் பிறகுதான் அர்த்தநாரி வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினார். அன்றைய நூல், அன்றைய லேபிள், எல்லாம் அதில் எழுதியிருக்கும். உள்ளே வருகிறவன் எவனாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

பிரபாகர் வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு ஜன்னல் மட்டும் கேட்டுக்கொண்டது. அது திறந்திருக்கிற வரைக்கும் பதினான்கு மாதம் ஓடியது. சனிக்கிழமை அணைத்தபோது, ஷிப்ட் முடிந்து ஆள் போனது போல, சொன்னதும் அதோடு போய்விட்டது. பலகையில் யாரும் எழுதவில்லை.

இரண்டாவது ஜன்னலிலேயே கிளப்புகிற கட்டளையைத் தட்டினாள். இரண்டு நிமிஷம். பேக்கிங்கிலிருந்து அழகுமலை என்கிற ஹெல்ப்பர் கத்தினார்: "பக்கம் வந்துருச்சுங்கோ!"

வேஸ்ட் மூட்டையிலிருந்து தலை நிறையப் பஞ்சோடு வந்து நின்ற வெள்ளியங்கிரி கையில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருந்தது. "இதுதான் பறந்திருக்கும்னு நெனச்சேன்."

"அது ஓவர்லாக் ஸ்க்ரூங்கண்ணா."

"அப்படியா? அதையும் தேடிட்டுத்தான் இருந்தேன்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மணி பத்தேகால். சீட்டு அச்சாகத் தொடங்கியது. பதினொன்றுக்கு டீ வந்தபோது முன்னூறு பெட்டிக்கு ஒட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அர்த்தநாரி உள்ளே வந்தார். காலையில் நின்றது அவர் காதுக்கு யார் வழியாகப் போயிருக்கும் என்பதில் சித்ரகலாவுக்குச் சந்தேகம் இல்லை. சாமியப்பன் அவருக்குப் பின்னால்தான் நின்றார்.

"என்னம்மிணி, நின்னுபோச்சாமா?"

"ஓடுதுங்க. நூறு சீட்டுதான் பாக்கி."

"இனி நிக்காதில்ல?"

நிக்காதுங்க என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. லாரி போகும், முதலாளியும் போவார். ஆனால் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கை விட்டால், அன்றைக்கும் இதே இரண்டு வரிதான் வரும்.

"இப்ப இருக்கற நெலமைக்கு மெஷினை அணைச்சா மறுபடி நிக்குமுங்க" என்றாள். "வாயில சொல்லித்தான் ஓட்டிட்டிருக்கறேன். பலகையில எழுதோணும். எழுதிட்டு ஒருக்கா நிறுத்திப் பாத்தாத்தான் நம்பலாமுங்க."

"என்ன பலகை? எங்க?"

"இதுக்குள்ளயும் நம்ம வாசப் பலகையாட்ட ஒண்ணு இருக்குதுங்க."

டேனியல் சார் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது. லினக்ஸில் உள்ளே நுழைந்ததும் முதலில் படிக்கப்படும் ஃபைல் எது? விடை: /etc/profile. அர்த்தம் தெரியாமல் எழுதி இரண்டு மார்க் வாங்கியிருந்தாள். இந்த சர்வரும் லினக்ஸ்தான்; இப்போது அந்த ஃபைலைத் திறந்து, அடியில் மூன்று வரியையும் எழுதி, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துச் சேமித்தாள். எழுதியது புரிகிறதா என்று புது ஜன்னல் ஒன்றைத் திறந்து கேட்டாள். வெறும் வரி.

டேனியல் சாரின் கேள்வியை மறுபடி சொல்லிப் பார்த்தாள்: 'உள்ளே நுழைந்ததும்'. பிறகு புரிந்தது: புது ஜன்னல் திறப்பது உள்ளே நுழைவது ஆகாது. பலகையை வாசலில் மாட்டினால், ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து தைக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? வெளியே போய்த் திரும்ப வரவேண்டும்.

"நிறுத்தப் போறேனுங்க."

"ஏனுங் மொதலாளி," சாமியப்பன் பதறினார், "ஓடறதை ஏன் நிறுத்தோணும்? இன்னும் நூறு பொட்டி இருக்குது. லாரிக்காரன் ஆரன் அடிச்சுட்டிருக்கறான்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அனிதா டீ டம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தாள். காலி இடத்தைக் கையால் தட்டி, வா வா என்று சைகை காட்டிச் சிரித்தாள். சித்ரகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அர்த்தநாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எத்தனை நேரமாகும்?"

"பத்து நிமிஷமுங்க."

"வரலைன்னா?"

"வரலைன்னா நானே எந்திரிச்சு அங்க போயிக்கறேனுங்க. நீங்க சொல்ல வேண்டாம்."

அவர் மீசையைத் தடவினார். "நிறுத்து."

அணைத்தாள். விசிறி ஓய்ந்தது. வெள்ளியங்கிரி தலையில் பஞ்சோடு அதன் முன்னால் கும்பிட்டு நின்றார். திரை வந்தது. உள்ளே நுழைந்தாள். கறுப்பு ஜன்னலைத் திறந்து வேறு எதையும் தட்டாமல், நோட்டில் இருந்த அந்த ஒரே கட்டளையை மட்டும் தட்டினாள்.

இரண்டு வரி இங்கிலீஷ் வரவில்லை. ஜாவா இருக்கிற இடத்தைத் தானே சொல்லிக்கொண்டு அது கிளம்பியது. இரண்டு நிமிஷம் கழித்து அழகுமலையின் குரல் வந்தது.

"வந்துருச்சுங்கோ! முன்னூத்தி ஒண்ணாவது பொட்டிங்கோ!"

வெள்ளியங்கிரி கும்பிட்ட கையை இறக்கி, "பாத்தியா, பொட்டு வெச்சதோட பலன்" என்றார்.

"பொட்டு வெச்சதாலதானுங் நின்னுது" என்றாள் சித்ரகலா.

"நின்னதாலதான உனக்குத் தெரிஞ்சுது? இல்லீன்னா இன்னும் ஒரு வருசம் அட்டையை ஒட்டிட்டு உக்காந்திருப்ப."

அர்த்தநாரி திரும்பி நடந்தார். வாசலில் நின்று, "சாமியப்பா, செக்கிங்குக்கு ஆள் வேணும்னியே, வெளிய போர்டு போட்டு வேற ஆளப் பாரு. லாரியத் தாட்டி உடு மொதல்ல" என்றார்.

பன்னிரண்டு இருபதுக்கு லாரி கிளம்பியது. சாமியப்பன் வந்து, பிள்ளையார் சுழி போட்ட ரிஜிஸ்டரை அவள் மேஜையில் வைத்தார்.

"எனக்கெதுக்குங்கண்ணா?"

"அந்த மூணு வரியை இதுல எழுதி வெய்யி அம்மிணி. பிள்ளையார் சுழி போட்டதை வீணாக்கக் கூடாது."

எழுதினாள். பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு வரியாக. எழுதி முடித்துவிட்டு, சர்வர் நெற்றியில் இருந்த 'நிறுத்தாதீர்கள்' அட்டையைப் பிய்த்தாள். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. கையோடு போய் வெள்ளியங்கிரியிடமிருந்து கிண்ணத்தை வாங்கி வந்து, அட்டை இருந்த இடத்தில் இரும்பின் மேலேயே ஒரு பொட்டு வைத்தாள். மெஷின் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஓடற மெஷினுக்கா?" என்று வெள்ளியங்கிரி வாசலிலிருந்து கேட்டார்.

"எப்ப வேண்ணாலும் நிறுத்தலாமுங்கண்ணா" என்றாள் சித்ரகலா. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.